தட்டில் பயறு, சேற்றில் பறவை: பினாங்கில் நீர்ப்பறவை எண்ணப் பழகுவது எப்படி

நவம்பர் பிறந்தால் போதும், "அக்கா, எனக்குக் காக்கா, மைனா தவிர ஒரு பறவையும் தெரியாது, நானும் வரலாமா?" என்று யாராவது வாட்சாப்பில் கேட்டுவிடுவார்கள். தாராளமாக வாருங்கள். ஒன்றுமே தெரியாதவரைப் பழக்குவது சுலபம். அரைகுறையாகத் தெரிந்துகொண்டு, தெரியாததையும் தெரிந்த மாதிரி தாளில் எழுதிவிடுகிறவரைத் திருத்துவதுதான் பெரும்பாடு. முதல் இரண்டு வருடம் அந்த ஆள் நானேதான் என்பதால் தைரியமாகச் சொல்கிறேன்.

நான் சொல்லப்போவது பட்டர்வொர்த்துக்கு வடக்கே, தெலுக் ஆயர் தாவாரிலிருந்து கோலா மூடா வரை போகும் கடலோரத்தை மனதில் வைத்து. தீவிலிருந்து ஃபெரி ஏறி வருகிறவர்களுக்கு அது வெறும் சேறு. கடல் வற்றினால் சாம்பல் நிறத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் சேறு, ஓரத்தில் பாக்காவ் என்னும் அலையாத்தி மரம், நடுவே மீனவர் நட்ட கம்பு. ஆனால் சைபீரியாவிலும் மங்கோலியாவிலும் சீனாவிலும் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்த பறவைகள் ஆகஸ்டு வாக்கில் இறங்க ஆரம்பித்து மார்ச், ஏப்ரல் வரை தின்று உடம்பு தேற்றுவது இந்தச் சேற்றில்தான். பறவைகளுக்கு முக்கியமான இடம் என்று உலக அளவில் பட்டியலிடப்பட்ட கடலோரம் இது.

"எண்ணி என்ன ஆகப்போகிறது?" என்று என் மாமா ஒவ்வொரு பொங்கலுக்கும் கேட்பார். ஒரு பறவையினத்தின் மொத்தத் தொகையில் 1 சதவீதம் ஓர் இடத்துக்கு வழக்கமாக வந்துபோனால், ராம்சார் உடன்படிக்கையின்படி அந்த இடத்தை உலக முக்கியத்துவம் உள்ள சதுப்புநிலமாகக் கருதலாம். இனம் பாராமல் 20,000 நீர்ப்பறவைகள் வழக்கமாகக் கூடினாலும் அப்படியே. அந்த 1 சதவீதத்தையும் 20,000-த்தையும் யாராவது உட்கார்ந்து எண்ணினால்தானே தெரியும்? 1987-இல் தொடங்கிய ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு ஒவ்வொரு ஜனவரியும் நடக்கிறது, அதில் எண்ணுகிறவர்களில் பெரும்பாலோர் நம்மைப் போலச் சம்பளம் இல்லாதவர்கள். இங்கே சேர விரும்பினால் மலேசிய இயற்கைச் சங்கத்தின் பினாங்குக் கிளையில் கேட்டுப் பாருங்கள். ஜனவரி நடு வாரங்கள் என்பதால் பொங்கலும், சில வருடம் தைப்பூசமும் மோதும். தண்ணீர்மலைக்குக் காவடி எடுக்கிறவர்களை நான் கூப்பிடுவதில்லை. மற்றவர்கள் சாக்குச் சொல்லக் கூடாது.

பைனாகுலருக்கு முன் பயறு

ஆர்வம் வந்ததும் எல்லோரும் முதலில் பைனாகுலர் வாங்க ஓடுகிறார்கள். அது இருக்கட்டும். சமையலறைக்குப் போய் ஒரு பெரிய தட்டு எடுங்கள், வெள்ளைத் தட்டாக இருந்தால் நல்லது. பச்சைப்பயறு ஒரு கைப்பிடி அள்ளி வீசுங்கள், ஐந்து வினாடி மட்டும் பாருங்கள், கண்ணை மூடி ஒரு எண்ணைச் சொல்லுங்கள், அப்புறம் நிதானமாக ஒவ்வொன்றாக எண்ணிச் சரிபாருங்கள். முதல் தடவை நான் 120 என்றேன். தட்டில் இருந்தது 210. கூட்டம் பெரிதாகப் பெரிதாகக் கண் குறைத்துத்தான் சொல்லும், எனக்கு மட்டும் இல்லை, நான் பழக்கிய முக்கால்வாசிப் பேருக்கும் அப்படித்தான்.

இதைச் சரிசெய்ய ஒரு வழி உண்டு. முதலில் பத்தே பத்துப் பயற்றை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று மனதில் ஒரு வட்டம் போட்டுக்கொள்ளுங்கள். பிறகு அந்த வட்டத்தைத் தட்டின் இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் வரை நகர்த்திக்கொண்டே 10, 20, 30 என்று போங்கள். பழகியதும் 50 வட்டம், அதற்கப்புறம் 100 வட்டம். சேற்றில் செய்யப்போவதும் இதே வேலைதான். நூறுக்குக் கீழே என்றால் ஒன்று ஒன்றாக எண்ணுங்கள், அதற்கு மேல் கூட்டம் நெருக்கமாக இருந்தால் வட்டத்துக்கு மாறுங்கள். ஆனால் வட்டம் போடும் முன் ஒவ்வொரு முறையும் ஒரு பத்தை உண்மையாக எண்ணுங்கள், ஏனென்றால் நெருக்கியடித்து நிற்கும் பத்தும் பரந்து மேயும் பத்தும் ஒரே அளவு இடம் எடுக்காது.

ஒரு வாரம் இப்படிப் போன பிறகு தட்டில் பச்சைப்பயறோடு கொஞ்சம் கடலைப்பருப்பும் நாலைந்து உளுந்தும் கலந்து வீசுங்கள். இப்போது கேள்வி வேறு: மொத்தம் எவ்வளவு, அதில் பத்துக்கு எத்தனை கடலைப்பருப்பு, உளுந்து எத்தனை? இதைக் கடைசி வாரம் வரை விடாதீர்கள், ஏனென்றால் கடல் ஏறும்போது கரைப்பக்கம் ஒதுங்கி நிற்கும் கூட்டம் ஒரே இனமாக இருக்காது. முந்நூறு உப்புக்கொத்திக்கு நடுவே நாற்பது பவளக்காலியும் இரண்டு வேறெதுவோவும் நிற்கும். முதலில் மொத்தத்தை எண்ணிவிடுங்கள், பிறகு இனவாரியாகப் பிரியுங்கள், ஏனென்றால் பிரித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பருந்து வந்து அத்தனையையும் கிளப்பிவிட்டால் மொத்தமாவது கையில் மிஞ்சும்.

பைனாகுலர்: 8×42 போதும். எட்டு மடங்கு கிட்டத்தில் காட்டும், முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர். 10, 12 என்று பெருக்கம் கூடினால் கையாட்டமும் கூடும். மூக்குக் கண்ணாடி போடுகிறவர்கள் கண்வளையத்தைக் கீழே இறக்கிவிடுங்கள், போடாதவர்கள் மேலே தூக்கிக்கொள்ளுங்கள். வலது கண்ணை மூடி நடுச் சக்கரத்தால் இடது கண்ணுக்குத் தெளிவாக்குங்கள், பிறகு இடது கண்ணை மூடி வலது பக்க வளையத்தைத் திருப்புங்கள். இதை ஒரு முறை செய்தால் போதும், ஆனால் இதைச் செய்யாமலே மூன்று வருடம் "என் பைனாகுலர் மங்கல்" என்று புலம்பிய ஒருவரை எனக்குத் தெரியும். பறவையைத் தேடும்போது பைனாகுலரால் தேடாதீர்கள். வெறுங்கண்ணால் பறவையைப் பார்த்தபடியே, பார்வையை எடுக்காமல், பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவாருங்கள். ஃபெரியில் போகும்போது தலைக்கு மேல் செம்பருந்து வட்டமடித்தால் அதில் பழகிப் பாருங்கள். தூரச் சேற்றுக்கு ஸ்கோப், அதாவது முக்காலியில் நிறுத்தும் தொலைநோக்கி, வேண்டும், அதைக் குழுவில் யாராவது கொண்டுவருவார்கள்.

பேனா வேண்டாம், பென்சில் கொண்டுவாருங்கள். ஒரு மழை போதும், மை முழுக்கக் கரைந்துவிடும்.

எந்த நாள், எந்த நேரம்

இதில்தான் பெரும்பாலோர் கோட்டைவிடுகிறார்கள். ஞாயிறு காலை எட்டு மணிக்கு லீவு என்று கிளம்பிப் போனால் கடல் முழுக்க வற்றி, பறவைகள் அடிவானத்தில் எள் தூவிய மாதிரி தெரியும். எள்ளுக்கு இனம் பிரிக்க முடியாது. கடல் ஏற ஏறத் தண்ணீர் அவற்றை நம் பக்கம் தள்ளிக்கொண்டு வரும், அதனால் ஏற்றம் உச்சிக்கு வரும் நேரத்துக்கு இரண்டு, இரண்டரை மணி நேரம் முன்னாலேயே போய் உட்கார்ந்துவிட வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம், ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். மணிக்கணக்குக்கு ஏற்ற வற்ற அட்டவணையில் பினாங்கைப் பாருங்கள், கைப்பேசிச் செயலிகளிலும் கிடைக்கும்.

எந்த வாரம் என்பதற்கு வீட்டில் தொங்கும் தமிழ் நாள்காட்டியே போதும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றம் பெரிது. அஷ்டமி, நவமி வாக்கில் சின்னது, தண்ணீர் பாதி தூரத்திலேயே நின்றுவிடும், பறவைகளும் அங்கேயே நின்றுவிடும். அஷ்டமி நவமியில் நல்ல காரியம் தொடங்காதே என்று பாட்டி சொன்னது இந்த ஒரு விஷயத்துக்காவது பொருந்துகிறது. ஆனால் மிகப் பெரிய ஏற்றமும் ஆகாது, சேறு முழுக்க மூழ்கிப் பறவைகள் உள்ளே இறால் குளம், வயல் என்று எங்கேயாவது போய்விடும். அந்த மாதிரி நாளில் அவை ஒதுங்கும் குளத்தை முன்பே கண்டுபிடித்து அங்கே ஓர் ஆளை நிறுத்துங்கள்.

இன்னொன்று, நம் கரை மேற்குப் பார்த்தது. மதியத்துக்கு மேல் வெயில் நேராக முகத்தில் அடிக்கும், எல்லாப் பறவையும் கறுப்பு நிழலாகத் தெரியும். காலையில் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும், காலின் நிறம்கூடத் தெரியும். ஆகவே முற்பகலில் உச்சிக்கு வரும் ஏற்றமாகப் பார்த்து நாள் குறியுங்கள்.

நிறத்தைக் கடைசியில் பாருங்கள்

புதியவர்கள் முதலில் சொல்வது நிறம்: "பழுப்பாக இருந்தது அக்கா." குளிர்காலத்தில் இங்கே வரும் கரைப்பறவைகள் எல்லாமே பழுப்பும் சாம்பலும்தான், கல்யாணப் பட்டுப்புடவை எல்லாம் வடக்கே கழற்றி வைத்துவிட்டு நைட்டியோடு வந்த மாதிரி இருக்கும். முதலில் அளவு: மைனா அளவா, காக்கை அளவா, கம்பத்து (கிராமத்து) நாட்டுக்கோழி அளவா? இரண்டாவது அலகு: குட்டையா, நீளமா, நேரா, மேலே வளைந்ததா, கீழே வளைந்ததா? அப்புறம் கால். பிறகு எப்படித் தின்கிறது. நிறம் அதற்கெல்லாம் பின்னால்தான்.

தின்கிற விதத்தை வைத்தே பாதிப் பேரைப் பிரித்துவிடலாம். நாலடி ஓடி, சட்டென்று நின்று, குனிந்து ஒரு கொத்து, மறுபடி ஓட்டம், இப்படி இருந்தால் உப்புக்கொத்தி வகை. அலகு குட்டை, கண் பெரிது, கண்ணால் பார்த்துத்தான் இரை பிடிக்கும். நிற்காமல் நடந்துகொண்டே சேற்றைக் குத்திக் குத்திப் போனால் உள்ளான் வகை. அதற்கு அலகின் நுனிதான் கண். முதல் நாள் இந்த இரண்டையும் பிரிக்கத் தெரிந்தாலே போதும், நான் அதற்கு மேல் கேட்பதில்லை.

ஆனால் கொக்கிலிருந்து தொடங்குங்கள். பெரிசு, வெள்ளை, எல்லோர் கண்ணுக்கும் தெரியும், பினாகா பக்கத்து வயலிலும் பாலிக் புலாவ் வயலிலும் காரை ஓரமாக நிறுத்திவிட்டே பழகலாம். "வெள்ளைக் கொக்கு" என்று நாம் சொல்வதில் குறைந்தது ஐந்து இனம் இருக்கிறது. வயலில் டிராக்டருக்குப் பின்னால் கூட்டமாக ஓடுவது உண்ணிக்கொக்கு, குட்டைக் கழுத்து, தடித்த குட்டையான மஞ்சள் அலகு. கரைச்சேற்றில் தனியாகப் பரபரப்பாக இருப்பது சின்னக் கொக்கு, கறுப்பு அலகு, கறுப்புக் கால், பாதம் மட்டும் மஞ்சள் சாக்ஸ் போட்ட மாதிரி. சேற்றில் நிற்கும்போது சாக்ஸ் தெரியாது, காலைத் தூக்கும்வரை காத்திருங்கள். உறுமீனுக்காக ஒற்றைக்காலில் தவம் இருப்பதுதான் கொக்கு என்று கேட்டு வளர்ந்த நமக்கு இது கொஞ்சம் அதிர்ச்சியாக இருக்கும்: சின்னக் கொக்கு தவமெல்லாம் இருக்காது, காலால் சேற்றைக் கலக்கி, இறக்கையை விரித்து, அங்குமிங்கும் ஓடித் துரத்தும். தவம் இருப்பது பெரிய வெண்கொக்கு. அதற்குக் கழுத்து நடுவே ஒடிந்து ஒட்டவைத்த மாதிரி ஒரு மடிப்பு இருக்கும், வாய்க்கோடு கண்ணையும் தாண்டிப் பின்னால் போகும். அதே சாடையில் கொஞ்சம் சின்னதாக, வாய்க்கோடு கண்ணுக்குக் கீழேயே நின்றுவிட்டால் அது இடைநிலை வெண்கொக்கு. வாய்க்கோட்டைப் பார்க்க முதலில் பத்து நிமிடம் ஆகும், பழகிய பிறகு இரண்டு வினாடி.

ஐந்தாவது சீனக் கொக்கு. கொரியா, சீனக் கரையோரத் தீவுகளில் கூடு கட்டுவது, உலகத்திலேயே அதிகம் இல்லை, இங்கே சேற்றுவெளிக்கு வரும். குளிர்காலத்தில் கீழலகு மஞ்சள் சாயல், கால் பச்சை கலந்த மஞ்சள். சின்னக் கொக்குக்கும் சில சமயம் கீழலகு வெளுத்திருக்கும். அலகு, கால் இரண்டும் தெளிவாகத் தெரிந்தால் மட்டும் பெயர் எழுதுங்கள். இல்லாவிட்டால் "வெள்ளைக் கொக்கு, இனம் தெரியவில்லை" என்று எழுதுங்கள்.

அப்படி எழுதுவதில் வெட்கமே வேண்டாம். மடையானை எடுத்துக்கொள்ளுங்கள். வாய்க்கால் ஓரம் பழுப்புக் கோடுகளோடு குந்தியிருக்கும், பறந்தால் சட்டென்று வெள்ளை இறக்கை விரியும். சீன மடையானும் வருகிறது, ஜாவா மடையானும் வருகிறது, குளிர்கால உடையில் இரண்டையும் பிரிக்க நம்பகமான அடையாளம் கிடையாது. முப்பது வருடம் பறவை பார்த்தவர்களும் "மடையான் வகை" என்றுதான் எழுதுகிறார்கள். ஏப்ரல் பக்கம் தலை கருஞ்சிவப்பாக மாறினால் சீன மடையான், மஞ்சள் கலந்த பழுப்பாக மாறினால் ஜாவா மடையான். ஜனவரியில் யாராவது "ஜாவா மடையான் 14" என்று எழுதிக் கொடுத்தால் நான் மற்ற வரிகளையும் சந்தேகத்தோடுதான் படிப்பேன்.

கரைப்பறவையில் முதலில் பழக வேண்டியது பவளக்காலி. பெயரிலேயே அடையாளம் இருக்கிறது, ஆரஞ்சு கலந்த சிவப்புக் கால். பறந்தால் இறக்கையின் பின்விளிம்பு பளிச்சென்று வெள்ளை. கூட்டத்தில் முதலில் கத்தி ஊரைக் கூட்டுவதும் அதுதான். அதை நன்றாகப் படித்துக்கொண்டால் மற்றதை "பவளக்காலியைவிடப் பெரிசு, பவளக்காலியைவிடக் குட்டைக் கால்" என்று அளக்கலாம். பச்சைக்காலி கொஞ்சம் உயரம், அலகு லேசாக மேல்நோக்கி. அலகு நன்றாகவே மேலே வளைந்து, ஆரஞ்சு மஞ்சள் காலோடு, ஏதோ கடன்காரனைக் கண்ட மாதிரி குனிந்து ஓடினால் டெரெக் உள்ளான். கீழே வளைந்த நீண்ட அலகு என்றால் கோட்டான் வகை (ஆந்தை இல்லை, இது கரைப்பறவைக் கோட்டான்). தலையில் பட்டை பட்டையாகக் கோடு இருந்தால் சின்னது. இன்னும் பெரிதாக, அலகு நம்பவே முடியாத நீளத்தில் இருந்தால் பெரிய கோட்டான். அதிலும் இரண்டு: பறக்கும்போது முதுகின் அடிப்பக்கம் வெள்ளை தெரிந்தால் யூரேசியாவினது, பழுப்பாகவே இருந்தால் தூரக்கிழக்கினது. பின்னது அழியும் நிலையில் இருக்கிறது, ஆகவே அது எழும்பும் அந்த இரண்டு வினாடிக்குக் கண்ணைச் சிமிட்டாதீர்கள்.

நீண்ட நேரான அலகுள்ள மூக்கன்கள் இரண்டு வரும். இறக்கையில் வெள்ளைப் பட்டை இருந்தால் கருவால் மூக்கன். பட்டை இல்லாமல் அலகு லேசாக மேலே வளைந்தால் பட்டைவால் மூக்கன். 2022 அக்டோபரில் இந்த இரண்டாவது இனத்தின் இளம் பறவை ஒன்று அலாஸ்காவில் கிளம்பி டாஸ்மேனியா வரை, எங்கும் இறங்காமல் 11 நாளில் 13,560 கிலோமீட்டர் பறந்ததைக் கருவி மாட்டிப் பதிந்திருக்கிறார்கள். படம் எடுக்க ஓடிப்போய்க் கூட்டத்தைக் கிளப்பிவிடுகிறவர்களிடம் நான் இந்தக் கதையைச் சொல்வதுண்டு. மூக்கன் கூட்டத்திலேயே கொஞ்சம் சின்னதாக, தையல் மிஷின் ஊசி மாதிரி ஒரே இடத்தில் நின்று மேலும் கீழும் குத்திக்கொண்டிருப்பது ஆசிய டோவிச்சர். அதை ஒரு முறை பார்த்துவிட்டால் மறக்காது.

என் வெட்கக்கேடான கதையும் இங்கேதான். இரண்டாம் வருடம், தூரத்தில் ஒரு பச்சைக்காலி, அலகு கொஞ்சம் தடிப்பாகத் தெரிந்தது. நார்ட்மன் பச்சைக்காலி என்று ஒன்று உண்டு, ரஷ்யாவின் கிழக்குக் கோடியில் மட்டும் குஞ்சு பொரிப்பது, உலகிலேயே அரிய கரைப்பறவைகளில் ஒன்று, இந்தக் கரையிலும் தென்படும். உடனே தாளில் எழுதிவிட்டேன், பக்கத்தில் ஒரு நட்சத்திரமும் போட்டேன். மாலையில் குழுத் தலைவர் ஸ்கோப்பைத் துடைத்துக்கொண்டே மூன்று கேள்வி கேட்டார்: கால் குட்டையா? கால் மஞ்சளா? அலகின் அடிப்பாதி வேறு நிறமா? மூன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. "அப்போ என்ன பார்த்தே?" என்றார். பென்சிலால் எழுதியதன் இன்னொரு நன்மை அன்றைக்குப் புரிந்தது.

நாரை வகையில் ஒன்று மட்டும் சொல்கிறேன். வெள்ளை உடம்பு, கறுப்பு இறக்கை ஓரம், முகத்தில் முடியில்லாத சிவப்புத் தோல், மஞ்சள் சாயலில் பெரிய அலகு, மலாய்க்காரர்கள் பூரோங் ஊப்பே என்பார்கள். அழியும் நிலையில் உள்ள பறவை. இதைக் கண்டால் எண்ணிக்கையோடு வயதையும், முதிர்ந்ததா இளசா என்று, எழுதுங்கள்.

காலில் கொடி

சில பறவைகளின் காலில் சின்ன பிளாஸ்டிக் கொடி மாட்டியிருக்கும். ஒவ்வொரு நாட்டுக்கும் இடத்துக்கும் தனித்தனி நிறச் சேர்க்கை. எந்தக் கால், முட்டிக்கு மேலா கீழா, எந்த நிறம் மேலே எந்த நிறம் கீழே, எழுத்து இருந்தால் என்ன எழுத்து, இதையெல்லாம் பார்த்தவுடன் எழுதுங்கள். "ஏதோ ஆரஞ்சுக் கொடி" என்று மட்டும் எழுதினால் அந்தப் பறவை எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க முடியாது.

தாளில் என்ன எழுதுவது

இரண்டு பேராகப் பிரியுங்கள், ஒருவர் கண்ணை எடுக்காமல் எண்ணிச் சொல்ல, மற்றவர் எழுத வேண்டும். எண்ணுகிறவரே எழுதினால் தலை நிமிரும்போது எங்கே விட்டோம் என்று தெரியாது. சேற்றில் நட்ட கம்பை எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள்: முதல் கம்புக்கும் இரண்டாம் கம்புக்கும் நடுவே இவ்வளவு. பினாகாவில் கோலா மூடாவின் பசார் பீசெக் தெரியும்தானே, மீன் விலையைக் காதில் குசுகுசுவென்று சொல்லி ஏலம் எடுப்பார்களே, அந்தச் சத்தத்தில் எண்ணைச் சொன்னால் போதும்.

தேதி, இடம், தொடங்கிய நேரம், முடித்த நேரம், ஏற்றம் எந்த நிலை, வானிலை, யார் யார். கூட்டம் பறந்துபோனால் நேரத்தையும் திசையையும் குறியுங்கள், ஏனென்றால் பத்து நிமிடம் கழித்து அடுத்த குழு அதே பறவைகளை மறுபடி எண்ணிவிடும். தொந்தரவையும் எழுதுங்கள்: நாய், டிரோன், ஜெட் ஸ்கீ, சிப்பி பொறுக்குகிறவர்கள். குறைசொல்ல இல்லை, எண்ணிக்கை ஏன் குறைந்தது என்று பத்து வருடம் கழித்துப் படிக்கிறவருக்குத் தெரிய வேண்டும்.

பூஜ்யத்தை மறக்காதீர்கள். ஒன்றுமே இல்லை என்று தாள் கொடுக்காமல் வீட்டுக்குப் போன புண்ணியவான்கள் இருக்கிறார்கள். போன மாதம் 600, இந்த மாதம் யாரும் போகவில்லை என்பதற்கும், இந்த மாதம் போனோம், ஒன்றும் இல்லை என்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

வீட்டுக்கு வந்து ஈபேர்ட் என்னும் பறவைப் பதிவுச் செயலியில் ஏற்றலாம். கண்டு அடையாளம் தெரிந்த எல்லாப் பறவையையும் பதிந்தீர்களா என்று கேட்கும், காக்கையையும் மைனாவையும் விட்டுவிட்டு ஆமாம் போடாதீர்கள். மெர்லின் செயலி படத்தைப் பார்த்துப் பெயர் சொல்லும், நல்ல உதவிதான், ஆனால் அது சொன்னதாலேயே எழுதாதீர்கள், அது காட்டிய பெயருக்கு உரிய அடையாளம் இரண்டையாவது நீங்களே பார்த்திருக்க வேண்டும். வழக்கத்துக்கு மாறான எண்ணைப் போட்டால் சரிபார்ப்பவர் விவரம் கேட்டு எழுதக்கூடும், கோபப்பட வேண்டாம்.

சேறு, பாம்பு, மனிதர்

சேற்றில் இறங்காதீர்கள். மண்கரையிலிருந்தே எண்ணலாம். தெரியாமல் கால் புதைந்துவிட்டால் நேராக இழுக்காதீர்கள், பின்னால் சாய்ந்து குதிகாலை மெதுவாக ஆட்டி ஆட்டி எடுங்கள், சிலிப்பரை மறந்துவிடுங்கள். பாக்காவ் கிளையைப் பிடிக்கும் முன் கையை எங்கே வைக்கிறோம் என்று பாருங்கள், விரியன் வகைப் பாம்பு அசையாமல் சுருண்டிருக்கும். இடி கேட்டால் ஸ்கோப்பை மடக்கிக்கொண்டு காருக்குள் போங்கள், திறந்த கரையில் முக்காலியோடு நிற்பது முட்டாள்தனம். கம்பத்து வழியாகப் போகும்போது வலை பின்னிக்கொண்டிருக்கும் பாக்சிக்கிடம் (பெரியவரிடம்) "போலே தும்பாங் லாலு?", இந்த வழியாகப் போகலாமா, என்று ஒரு வார்த்தை கேளுங்கள். எந்தக் குளத்தில் பறவை ஒதுங்குகிறது என்று அவருக்குத் தெரிந்த அளவு நமக்குத் தெரியாது.

மேய்ந்துகொண்டிருந்த பறவைகள் எல்லாம் ஒன்றாகத் தலை தூக்கினால் நீங்கள் அதிகம் கிட்டே போய்விட்டீர்கள் என்று அர்த்தம். அங்கேயே நின்று, மெதுவாகப் பின்வாங்குங்கள். அடிபட்ட பறவையைத் தூக்கி வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம், 2010-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அதற்கு இடமில்லை, வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானுக்குச் சொல்லுங்கள்.

பறவை தவிர மற்றதையும் ஓரத்தில் குறியுங்கள். நீர்நாயை நேரில் பார்ப்பது அபூர்வம், ஆனால் கரையில் மீன்செதிலும் நண்டோடும் கலந்து, மூக்கைத் துளைக்கும் மீன்வாடையோடு எச்சம் கிடந்தால் அது வந்துபோயிருக்கிறது. குடும்பமாகத் தெரிந்தால் பெரிசு எத்தனை, குட்டி எத்தனை. பெலாங்காஸ் என்னும் குதிரைலாட நண்டு மல்லாந்து கிடந்தால் ஓட்டின் இரு பக்கமும் பிடித்துத் திருப்பிவிடுங்கள், வாலைப் பிடித்துத் தூக்காதீர்கள். திருப்பும்போது வாலைப் பாருங்கள்: உருண்டையாக வழவழவென்று இருந்தால் சதுப்புக்காட்டு இனம், முக்கோணமாக விளிம்போடு இருந்தால் கடற்கரை இனம்.

கடைசியாக, தாள்களை அன்றைக்கே கூட்டி முடித்துவிடுங்கள். நாங்கள் எண்ணி முடித்ததும் ரொட்டி சானாய்க் கடையில் உட்கார்ந்து தாளுக்குத் தாள் ஒப்பிடுவோம், யார் எந்தக் கூட்டத்தை இரண்டு தடவை எண்ணினார்கள் என்று அங்கேதான் வெளிவரும். ஆனால் சாப்பாடு வருவதற்கு முன் ஒவ்வொரு தாளையும் கைப்பேசியில் படம் எடுங்கள். போன வருடம் எடுக்கவில்லை. கோலா மூடா தாளில் பருப்புக் கறி கவிழ்ந்து, "பவளக்காலி 3" என்பதற்குப் பின்னால் இருந்த எழுத்துகள் போய்விட்டன. 30-ஆ, 36-ஆ, 300-ஆ? எழுதிய தம்பி, கல்லூரி முதலாண்டு, சுமார் முந்நூறு இருக்கும் அக்கா, போட்டுவிடலாம் என்று முதலில் சொன்னான். அப்புறம் கறி படிந்த தாளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இல்லக்கா, எனக்கு ஞாபகம் இல்ல" என்றான். அந்த வரியில் எண் போடவில்லை, "இருந்தது" என்று மட்டும் பதிந்தோம்.